ஒரே அலைவரிசை, எல்லோருக்கும் ஒரே மாலை: ஸ்வீடன் தொலைக்காட்சியின் முதல் இருபது ஆண்டுகள்

ஸ்வீடனில் 1956 செப்டம்பரிலிருந்து 1969 டிசம்பர் வரை ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசைதான் இருந்தது. அதில் விளம்பரம் கிடையாது. செலவு முழுவதும் பார்வையாளர்கள் கட்டிய உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஸ்வீடிஷ் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மனில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். பெர்க்மன் முக்கியமானவர்தான். ஆனால் ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெரியின் நாடகம், மீன்களைப் பற்றிய வினாடி வினா, பாலே நடனம், சனிக்கிழமை அரட்டை நிகழ்ச்சி எல்லாமே ஒரே வாரத்தில், ஒரே பெட்டியில், ஒரே மக்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒற்றை அலைவரிசையிலிருந்தும் அன்றைய கருவிகளின் குறைபாடுகளிலிருந்தும் தொடங்க வேண்டும்.

முதல் சோதனை ஒளிபரப்புகள் 1954-இல் நடந்தன. அந்த ஆண்டு மே மாதம் சாண்ட்ரூ என்ற திரைப்பட நிறுவனம் ஒரு வாரம் சொந்தமாக ஒளிபரப்பிக் காட்டியது. அதில் விளம்பரப் படங்களும் இடம்பெற்றன. தனியார் கையில், விளம்பரக் காசில் தொலைக்காட்சி நடத்தலாமா என்பதற்கான வெள்ளோட்டம் அது. அக்டோபர் 29 அன்று வானொலி நிறுவனமான ரேடியோத்யென்ஸ்ட், ஸ்டாக்ஹோம் அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து தன் சோதனையைத் தொடங்கியது. 1956-இல் நாடாளுமன்றம் வானொலியின் வழியையே தேர்ந்தெடுத்தது. விளம்பரம் வேண்டாம், வீட்டுக்கு வீடு உரிமம் என்று முடிவானது. செப்டம்பர் 4 அன்று முறையான ஒளிபரப்பு தொடங்கியது. அந்த ஆண்டு அறிமுகமான உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 100 குரோனர். மறு ஆண்டு நிறுவனத்தின் பெயர் ஸ்வேரியஸ் ரேடியோ என்று மாறியது. மக்கள் இயக்கங்களும் பத்திரிகைகளும் தொழில் நிறுவனங்களும் அதில் பங்குதாரர்கள்.

இந்த ஏற்பாட்டின் விளைவு நிகழ்ச்சி அட்டவணையில் நேரடியாகத் தெரியும். விளம்பரதாரர் இல்லையென்றால் ஒரு நிகழ்ச்சி இத்தனை லட்சம் பேரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் கட்டணம் வாங்குவதால் எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். போட்டி அலைவரிசை இல்லாததால், பாட்டுக் கச்சேரிக்காகப் பெட்டியைத் திறந்த குடும்பம் அடுத்து வரும் நாடகத்தையும் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் அணைக்கலாம், அவ்வளவுதான். கலாசார நிகழ்ச்சிக்கு இவ்வளவு பெரிய, கலவையான பார்வையாளர் கூட்டம் அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, அதற்குப் பின்பும் கிடைக்கவில்லை.

மக்களைப் பெட்டி வாங்க வைத்தவை இரண்டு. ஒன்று, 1957 ஜனவரியில் தொடங்கிய 'க்விட் எல்லெர் டுப்பெல்ட்', அதாவது 'கையில் இருப்பதோடு போ, இல்லையென்றால் இரட்டிப்பாக்கு' வகை வினாடி வினா. அமெரிக்க மாதிரியில் அமைந்தது, உச்சப் பரிசு 10,000 குரோனர். நடத்தியவர் நில்ஸ் எரிக் பேரென்ட்ஸ். போட்டியாளர் தனக்குப் பிடித்த ஒரு துறையைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து மட்டுமே கேள்வி வரும். உல்ஃப் ஹானர்ஸ் என்ற 14 வயதுப் பையன் மீன்வளர்ப்புத் தொட்டி மீன்களைத் தேர்ந்தெடுத்தான். எந்த மீனுக்குக் கண்ணிமை உண்டு என்று ஒரு கேள்வி. அவன் சேற்றில் தத்தும் மீனைச் சொன்னான். நிகழ்ச்சியின் விடைத்தாளில் வேறு மீன் இருந்ததால் தவறு என்று தீர்ப்பானது. அவன் சொன்னதே சரி என்று தெரிந்ததும் பத்திரிகைகள் பொங்கின, பையன் திரும்ப அழைக்கப்பட்டு 10,000 குரோனரையும் வென்றான். பிற்காலத்தில் அவர் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் சமூக மானுடவியல் பேராசிரியரானார்.

இதில் பிழை எங்கே நடந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நேரலை நிகழ்ச்சியில் நடுவரிடம் இருப்பது ஒரு தாள். போட்டியாளரோ அந்தத் துறையில் வருடக்கணக்காக ஊறியவர். கேள்வி எழுதியவருக்கு ஒரு விடைதான் தெரியும், மற்ற விடைகளும் சரியாக இருக்க முடியுமா என்று யாரும் சரிபார்க்கவில்லை. இன்றைக்கும் வினாடி வினா தயாரிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஆனால் அந்தச் சறுக்கல்தான் நாடு முழுவதையும் ஒரு சிறுவனின் மீன் அறிவைப் பற்றிப் பேச வைத்தது.

மற்றொன்று, 1958-இல் ஸ்வீடனிலேயே நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து. சொந்த நாட்டு அணி இறுதி ஆட்டம் வரை போய் பிரேசிலிடம் 5-2 என்று தோற்றது. அந்தக் கோடையில் பெட்டி விற்பனை எகிறியது. அறுபதுகளில் தொலைக்காட்சி இல்லாத வீடுகள் வேகமாகக் குறைந்தன.

இனி ஸ்டூடியோவுக்குள் போகலாம், ஏனென்றால் அன்றைய நிகழ்ச்சிகளின் தோற்றத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அங்கிருந்த கருவிகள்தான். படம் 625 வரிகள், நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்), கறுப்பு வெள்ளை. அக்காலக் கேமராக் குழாய்களுக்குக் கடும் வெளிச்சம் தேவைப்பட்டது. நடிகர்கள் விளக்குச் சூட்டில் வியர்த்தார்கள், ஒப்பனை வழிந்தது. தூய வெள்ளைச் சட்டை அணிந்தால் அதைச் சுற்றிக் கருவளையம் போல ஒரு நிழல் படரும். அதனால் வெள்ளை வேண்டிய இடத்தில் வெளிர் நீலமோ சாம்பல் நிறமோ அணிவது உலகெங்கும் ஸ்டூடியோக்களில் வழக்கமாக இருந்தது. கேமராவின் முகப்பில் சுழலும் தட்டில் நான்கு லென்சுகள் இருக்கும். லென்சை மாற்ற வேண்டுமானால் அந்தக் கேமராவின் படம் ஒளிபரப்பில் இல்லாத நேரம் பார்த்துத்தான் தட்டைத் திருப்ப முடியும். ஆகவே இயக்குநர் எந்த நொடியில் எந்தக் கேமரா என்று முன்கூட்டியே தாளில் எழுதி, ஒத்திகையில் கால அளவைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

பதிவு செய்வது அதைவிடப் பெரிய தொல்லை. தொடக்கத்தில் ஒரு நேரலையைப் பாதுகாக்க ஒரே வழி, ஒரு திரையில் படத்தை ஓடவிட்டு அதைத் திரைப்படக் கேமராவால் படம்பிடிப்பது. அதில் நுணுக்கங்கள் மங்கிவிடும். பின்னால் வந்த வீடியோ டேப் 5 செ.மீ. அகலம். நான்கு தலைகள் பொருத்திய சக்கரம் ஒன்று நொடிக்கு 250 முறை சுழன்று டேப்பின் குறுக்கே படத்தை எழுதும். டேப் நொடிக்குச் சுமார் 40 செ.மீ. ஓடும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் டேப் வேண்டும். அதை வெட்டி ஒட்டுவது தனி வித்தை. காந்தத் தடங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நுண்ணிய இரும்புத் தூளைக் கரைசலில் கலந்து டேப்பின் மேல் தடவுவார்கள். தடம் தெரிந்ததும் இரண்டு சட்டகங்களுக்கு நடுவே கத்தியால் அறுத்து ஒட்டுவார்கள். கொஞ்சம் பிசகினால் ஒட்டிய இடத்தில் படம் உருளும். ஒலித்தலை படத்தலையிலிருந்து 20 செ.மீ.க்கும் மேல் தள்ளி இருப்பதால், படம் வெட்டும் இடமும் ஒலி வெட்டும் இடமும் அரை நொடிக்கு மேல் விலகி நிற்கும். பேச்சின் நடுவே வெட்டினால் ஒரு சொல் அறுபடும். போதாததற்கு, ஒட்டுப்போட்ட டேப்பை மறுபடி பயன்படுத்த முடியாது. டேப்பின் விலையோ அதிகம்.

இதனால்தான் அன்றைய தொலைக்காட்சி நாடகங்கள் நீண்ட காட்சிகளாக, சிறு அறைகளில், குறைந்த நடிகர்களோடு அமைந்தன. பெர்க்மன் தொலைக்காட்சிக்காக முதலில் செய்தது 1957 ஏப்ரலில் வந்த 'ஹெர் ஸ்லீமன் கொம்மெர்'. யால்மார் பெர்க்மன் எழுதிய சிறு நாடகம், ஐந்தே நடிகர்கள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. பிபி ஆண்டர்சன், மாக்ஸ் ஃபோன் சீடோ போன்றவர்கள் நடித்தார்கள். முகத்தருகே போய் நிற்கும் கேமரா, தப்பிக்க வழியில்லாத சிறு அறை என்று அவர் படங்களில் நாம் வியக்கும் குணங்கள் பல, சிறு திரைக்கு வேலை செய்ததோடு நெருங்கிய உறவுடையவை என்பது என் கருத்து. சிறு திரையில் தூரக்காட்சி எடுபடாது, முகம் எடுபடும். 1963-இல் அவர் ஸ்ட்ரிண்ட்பெரியின் 'ஒரு கனவு நாடகம்' போன்ற பிரம்மாண்டமான படைப்பையும் இதே ஊடகத்தில் செய்தார். தொலைக்காட்சி நாடகப் பிரிவுக்கு அப்போது ஹென்ரிக் டூவர்மன் தலைவர். செவ்வியல் நாடகங்களை நாடக அரங்கே இல்லாத ஊர்களுக்குக் கொண்டுசேர்ப்பதை அந்தப் பிரிவு தன் கடமையாகவே எடுத்துக்கொண்டது. 1966-இல் ஸ்ட்ரிண்ட்பெரியின் 'ஹெம்ஸோபூர்னா' நாவலைத் தொடராக எடுத்தபோது, பள்ளிப் பாடமாக மட்டும் தெரிந்த கதை வீடுதோறும் பேசப்பட்டது. ஆலன் எட்வால் நடித்த கார்ல்சன் என்ற பண்ணையாளை இன்றும் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சிறு திரையைப் பற்றி எல்லோரையும்விடத் தெளிவாகச் சிந்தித்தவர் என்று நான் கருதுவது நடன அமைப்பாளர் பிர்கிட் குல்பெரியை. நாடக மேடையில் பார்வையாளருக்கு அருகே உள்ள பகுதி அகலமானது. கேமராவின் முன் இது தலைகீழ். லென்சில் முனை வைத்துப் படுத்துக்கிடக்கும் பிரமிடு போலத்தான் கேமராவுக்கு இடம் தெரிகிறது. கிட்டத்தில் குறுகல், தூரத்தில் அகலம். கணக்குப் போட்டே பார்க்கலாம். லென்சின் கிடைக்கோணம் 50 பாகை என்று வைத்துக்கொண்டால், 8 மீட்டர் தூரத்தில் கேமரா பார்க்கும் அகலம் சுமார் 7.5 மீட்டர். ஒரு குழுவே அங்கே ஆடலாம். 2 மீட்டர் தூரத்தில் அகலம் 1.9 மீட்டருக்கும் குறைவு, உயரம் 1.4 மீட்டர். நின்றால் கால் தெரியாது, கையை நீட்டினால் சட்டகத்தைத் தாண்டிப் போகும். ஒருவர் முழு உருவமாகத் தெரிய ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

வழக்கமான தீர்வு, மூன்று கேமராக்களை வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவது. அப்படிச் செய்தால் நடனத்தின் கோடு ஒவ்வொரு வெட்டிலும் அறுந்துபோகும். வலப்பக்கம் பாய்ந்தவர் அடுத்த நொடியில் இடப்பக்கம் போவதுபோலத் தெரியும். குல்பெரி கேமராவை அசையாமல் நிறுத்தினார். அண்மைக்காட்சி வேண்டுமா? ஆடுகிறவரே கேமராவை நோக்கி வரட்டும். தூரக்காட்சி வேண்டுமா? பின்னால் போகட்டும். முன்னும் பின்னுமான அசைவே நடனத்தின் முக்கிய இயக்கமாக மாறியது. பனிவெண்மை இளவரசிக் கதையை வைத்து அவர் செய்த 'தீய அரசி' 1961-இல் பிரிக்ஸ் இத்தாலியா என்ற சர்வதேச ஒளிபரப்பு விருதைப் பெற்றது.

பத்து ஆண்டு கழித்து வண்ணம் வந்தபோது இதே கொள்கை எதிர்பாராத பலன் தந்தது. நீலப் பின்னணியில் ஆட வைத்து, நீலம் இருக்கும் இடத்திலெல்லாம் வேறொரு படத்தை மின்னணு முறையில் நிரப்பும் உத்தி அப்போது கைக்கு வந்திருந்தது. மனிதத் தோலில் நீலம் மிகக் குறைவு என்பதால்தான் அந்த நிறம். உத்தி எளிது, தொந்தரவுகள் பல. உடையில் நீலம் கலந்திருந்தால் உடம்பில் ஓட்டை விழுந்ததுபோலப் பின்னணி எட்டிப்பார்க்கும். நீலத் தரையிலிருந்து வெளிச்சம் பிரதிபலித்துக் காலில் படிந்தால் பாதத்தின் ஓரம் நெளியும். பறக்கும் முடியின் நுனிகள் காணாமல் போகும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கேமராவைக் கொஞ்சம் திருப்பினாலும் ஆடுபவர் நகர்வார், நிரப்பிய படம் நகராது, மாயம் கலைந்துவிடும். அதாவது, அசையாத கேமரா வேண்டும் என்று குல்பெரி கலைக்காகக் கேட்டதை இப்போது கருவியே கேட்டது. 'பச்சைக் கோப்பைகளில் சிவப்பு ஒயின்' என்ற படைப்பில் ஒரு ஜோடி ஓவியத்தின் மேல் எடையற்று மிதக்கிறது. தரை என்று ஒன்று திரையில் இல்லாததால், படுத்து ஆடினாலும் மிதப்பதாகவே தெரியும். அதற்கும் 1971-இல் பிரிக்ஸ் இத்தாலியா கிடைத்தது. நடனத்தைப் படம்பிடிக்க நினைக்கும் எவரும் இன்றும் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துப் பாடம் கற்கலாம்.

கருவியையே கலைப்பொருளாக்கியவர்களும் இருந்தார்கள். ட்யூரே ஷொலாண்டரும் லார்ஸ் வெக்கும் 1968-இல் செய்த 'மோனுமென்ட்', பிரபலமான முகங்களின் படங்களை மின் சைகையிலேயே நெளித்து, இழுத்து, சிதைத்துக் காட்டியது. வீடியோ கலை என்று பின்னாளில் அருங்காட்சியகங்கள் கொண்டாடியதை ஸ்வீடனில் சாதாரண வீடுகள் தேசிய ஒளிபரப்பில் அப்போதே பார்த்துவிட்டன.

கேளிக்கைப் பக்கம் வந்தால் லென்னார்ட் ஹூலாண்டின் பெயர்தான் முதலில். விளையாட்டு வருணனையாளராக வானொலியில் புகழ்பெற்றவர். 1962-இலிருந்து அவர் தொலைக்காட்சியில் நடத்திய 'ஹூலாண்டின் மூலை', விருந்தினரை உட்காரவைத்துப் பேசி, இடையே பாட்டும் வேடிக்கையுமாகப் போகும் சனிக்கிழமை நிகழ்ச்சி. பிரதமர் தாகே எர்லாண்டர் அந்த முதல் ஆண்டிலேயே வந்து ஒரு பாதிரியார் கதையைச் சொல்லிச் சபையைக் கலகலக்க வைத்தார். அதுவரை விறைப்பானவராகத் தெரிந்த தலைவரை மக்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். அரசியல் பேச்சு எதுவும் அதைச் செய்திருக்காது. 1966 டிசம்பர் 3 அன்று நடிகர் பேர் ஆஸ்கர்சன் வந்து, பாலியல் கல்வி பற்றிப் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக உடையைக் கழற்றி நீள உள்ளாடையோடு நின்றார். நேரலை என்பதால் தடுக்க வழியில்லை. கண்டனங்கள் குவிந்தன.

1962 ஏப்ரல் முதல் தேதி நடந்த ஒரு குறும்பு, தொலைக்காட்சியின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. நிறுவனத்தின் தொழில்நுட்ப நிபுணர் ஷெல் ஸ்டென்சன் திரையில் தோன்றி, நைலான் காலுறையைப் பெட்டியின் மேல் இழுத்துக் கட்டினால் கறுப்பு வெள்ளைப் படம் வண்ணமாகத் தெரியும் என்று ஒளி அலைகளின் வளைவைப் பற்றி விளக்கிச் சொன்னார். சரியான தூரத்தில் உட்கார்ந்து தலையைப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும் என்ற குறிப்பு வேறு. வீடுகளில் காலுறைகள் கிழிந்தன. உண்மையான வண்ண ஒளிபரப்பு முறைப்படி தொடங்கியது 1970 ஏப்ரல் முதல் தேதிதான்.

கேளிக்கைக்கும் கல்விக்கும் நடுவே ஒரு வகை இருந்தது. ஸ்வீடிஷ் தொலைக்காட்சியின் தனிச் சிறப்பு அதில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1962-இல் தொடங்கிய 'ஃப்ரோகா லுண்ட்' நிகழ்ச்சியில் லுண்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பெங்ட் ஃபெல்ட்ரைக், நோபல் பரிசு பெறுபவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து 1959 முதல் உரையாடல் நடத்தினார். அதே ஃபெல்ட்ரைக்கின் குரல்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல் 3 மணிக்கு ஒளிபரப்பாகும் டொனால்ட் டக் படத் தொகுப்பிலும் ஒலித்தது. இயற்பியலும் வாத்தும் ஒரே குரலில் வந்ததை யாரும் விந்தையாக நினைக்கவில்லை. 1964-இல் தொடங்கிய 'கொன்ட்ராபுங்க்ட்' இன்னும் துணிச்சலானது. இசையமைப்பாளர் ஸ்டென் புரூமன் செவ்வியல் இசைத் துணுக்குகளைக் கேட்கவைப்பார், வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளின் அணிகள் அது யாருடைய எந்தப் படைப்பு என்று சொல்ல வேண்டும். கேள்விகள் கடுமையானவை, பெரும்பாலான பார்வையாளர்களுக்கு ஒரு விடைகூடத் தெரியாது. ஆனால் கண்ணைப் பறிக்கும் உடைகளில் புரூமன் வருவதையும், தெரிந்தவர்கள் மூளையைக் கசக்குவதையும் பார்ப்பதே சுவாரசியம். எளிமைப்படுத்தாமலேயே கடினமான விஷயத்தைக் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

குழந்தைகளுக்கு 1960-இலிருந்து டிசம்பரில் தினமொரு பகுதியாக ஒளிபரப்பான நாள்காட்டித் தொடர்கள், 1964-இல் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதி ஊல்லே ஹெல்பம் இயக்கிய 13 பகுதித் தீவுத் தொடர் 'வீ போ சால்ட்க்ரோகன்', 1969-இல் அதே இருவரின் 'பிப்பி', 1973-இல் எழுத்தும் எண்ணும் கற்பித்த 'ஐந்து எறும்புகள் நான்கு யானைகளைவிட அதிகம்' என்று வரிசை நீள்கிறது.

1969 டிசம்பர் 5 அன்று இரண்டாவது அலைவரிசை வந்தது. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு அலைவரிசைகள் ஒன்றையொன்று ஊக்குவித்துப் போட்டியிட வேண்டும் என்பது திட்டம். நாடகம் பிடிக்காதவருக்கு அன்றிலிருந்து மாற்று கிடைத்தது. கலவையான பார்வையாளர் கூட்டம் மெல்லப் பிரியத் தொடங்கியது. அரசியல் சூடும் ஏறியது. ஸ்வீடனின் ஆப்பா இசைக்குழு 1974-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றதால் 1975 போட்டியை ஸ்டாக்ஹோம் நடத்த வேண்டியிருந்தது. வணிக இசைக்குப் பொதுப்பணத்தைக் கொட்டுவதா என்று வணிக இசையை எதிர்த்த மாற்றிசை இயக்கத்தினர் எதிர்விழாவே நடத்தினார்கள். மறு ஆண்டு ஸ்வீடன் போட்டிக்கே போகவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கேளிக்கையும் கலையும் எதிரெதிர் முகாம்கள் என்ற எண்ணம் முந்தைய பதின்மூன்று ஆண்டு அனுபவத்துக்கு முரணானது.

இருந்தும் பெரும் படைப்புகள் இரண்டு அந்த ஆண்டுகளில்தான் வந்தன. 1973-இல் பெர்க்மனின் 'ஒரு திருமணத்தின் காட்சிகள்', ஆறு வாரம் ஆறு பகுதிகள், 16 மி.மீ. படச்சுருள், பெரும்பாலும் இரண்டே முகங்கள். தலைப்புப் பெயர்களை எழுத்தில் ஓட்டாமல், ஃபோரோ தீவின் காட்சிகளைக் காட்டியபடி பெர்க்மனே வாசித்தார். 1975 புத்தாண்டு நாளில் அவரே இயக்கிய மோட்ஸார்ட்டின் இசை நாடகம் 'மாயக் குழல்'. 1766-இல் கட்டிய ட்ரூட்நிங்ஹோல்ம் அரங்கம் படப்பிடிப்பைத் தாங்காது என்பதால் அதன் மேடையை ஸ்டூடியோவில் அப்படியே மறுபடி கட்டினார்கள். இசையை முன்பே பதிவுசெய்து, பாடகர்கள் அதற்கேற்ப நடித்தார்கள். அண்மைக்காட்சியில் உரக்கப் பாடும் வாயின் இறுக்கம் தெரியாமல், காதோடு பேசுவதுபோல முகங்கள் இயல்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இவற்றில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதும் பழைய கருவிகளோடு பிணைந்ததே. படச்சுருளில் எடுத்த தொடர்களும் நாடகங்களும் பெரும்பாலும் தப்பின. பதிவே செய்யாத நேரலைகளும், விலை கருதி அழித்து மறுபடி எழுதிய டேப்புகளில் இருந்தவையும் போயின. ஒளிபரப்புகளைச் சட்டப்படி சேமிக்கும் காப்பகம் 1979-இல்தான் செயல்படத் தொடங்கியது. 2013-இல் ஸ்வீடன் தொலைக்காட்சி தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டது. புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் பெர்க்மனைப் பின்னால் வைத்துக்கொண்டு, மொழி தெரியாவிட்டாலும் புரியும் குல்பெரியின் நடனங்களைத் தேடித் தொடங்குவது நல்லது.